பேனாவுக்கு மூச்சு வாங்காது

ஜனவரி 9

என் சில்வண்டுக்கு,

பாட்டி எழுதுகிறேன். இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் அம்மாவைக் கேட்டால் "நல்லாருக்கா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு இவ்வளவு சின்ன வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதனால் நீயே எழுது.

போனில் ஏன் வரமாட்டேன் என்கிறேன் என்று கேட்டாயாம். பேசினால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை எனக்கு இரைக்கிறது. நான் மூச்சுக்கு நிற்கிற நேரத்தில் நீ அங்கே மூக்கை உறிஞ்சுகிறாய். எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. பேனாவுக்கு மூச்சு வாங்காது. எழுதுவேன், நிறுத்துவேன், ஜன்னலைப் பார்ப்பேன், திரும்ப எழுதுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பொறுத்துக்கொள்.

நெஞ்சு டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது பழைய நெஞ்சு. புதுசா மாத்த முடியாது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

"டிசம்பர் வரைக்கும் தாங்குமா? பேத்தி படிப்பை முடிச்சுட்டு வரா."

அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். அந்த ஆஸ்பத்திரி மாடியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. இரைப்புக்காரர்களுக்கு அக்குபங்சர் ஊசி குத்திப் பார்க்கிறார்கள். மருந்து ஏற்றுகிற ஊசி இல்லை, தலைமுடி மாதிரி வெறும் ஊசி. சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்குப் பொய் ஊசி, யாருக்கு எது என்று கடைசிவரை சொல்ல மாட்டார்களாம். "உன்னை ஏமாத்தினாலும் ஏமாத்துவோம், கையெழுத்துப் போடு" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களை என் ஆயுசில் இப்போதுதான் பார்க்கிறேன். பிடித்திருந்தது, போட்டேன். டிசம்பர்வரை இந்த நெஞ்சைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

ஆனால் குத்துகிற டாக்டர் வாயே திறப்பதில்லை. "படுங்க." "திரும்புங்க." "முடிஞ்சுது." கழுத்து எலும்புக்குக் கீழே, கட்டைவிரல் பக்கம், முழங்காலுக்குக் கீழே என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகிறார். "தம்பி, உனக்குக் குழந்தைங்க எத்தனை?" என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார். ஊமை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டேன். இதை நான் மறப்பதாக இல்லை.

நீ அங்கே என்னத்தைக் காய்ச்சுகிறாய்? உன் அம்மா "ஏதோ பொடி" என்கிறாள். எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் பாட்டி


ஜனவரி 30

அன்புப் பாட்டி,

ஆய்வகத்தில் எல்லாருக்கும் பில் வரும், எனக்குக் கடிதம் வந்தது. பக்கத்து மேசைக்காரி உறையை வாங்கித் தடவிப் பார்த்தாள். "உங்க பாட்டி இவ்வளவு அழுத்தி எழுதுறாங்க, கோபமா?" என்றாள். "அது அவங்க பாசம்" என்றேன்.

ஊமை டாக்டரை மன்னித்துவிடு. அவர் பேசக் கூடாது என்பது அந்த ஆராய்ச்சியின் விதி. உன்னிடம் பேசினால் நீ பாதி தேறிவிடுவாய். அப்புறம் ஊசியால் தேறினாயா, பேச்சால் தேறினாயா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதனால்தான் எல்லாரிடமும் எண்ணி மூன்று வார்த்தை.

நான் காய்ச்சுவதற்குக் குறைக்கடத்தி நானோ படிகம் என்று பெயர். பயப்படாதே. செம்புக் கம்பியில் ஓடுகிற மாதிரி இதில் மின்சாரம் ஓடாது, கண்ணாடியில் நிற்கிற மாதிரி அடியோடு நின்றும் போகாது. இரண்டுக்கும் நடுவில். அதை, கண்ணுக்கே தெரியாத சின்னத் துகளாகச் செய்கிறேன். குடுவையில் எண்ணெயைக் கொதிக்க வைத்து, இன்னொரு கரைசலை நீள ஊசியால் ஒரே அழுத்தில் உள்ளே செலுத்த வேண்டும். நானும் ஊசிக்காரிதான்! அதுவரை தண்ணீர் மாதிரி இருந்தது இமை கொட்டுவதற்குள் மஞ்சளாகும், பிறகு ஆரஞ்சு, விட்டால் சிவப்பு. பொருள் ஒன்றுதான் பாட்டி, துகள் வளர வளர நிறம் மாறுகிறது. எந்த நிறம் வேண்டுமோ அது வந்த நொடியில் குளிரவைத்து வளர்ச்சியை நிறுத்த வேண்டும். ஊதா விளக்கின் கீழே பிடித்தால் தணல் மாதிரி ஒளிரும். டிவித் திரைக்கும் விளக்குக்கும் பயன்படும்.

முதல்முறை சிவப்பு சரியாக வந்த நாளில் யாரிடம் காட்டுவது என்று தெரியாமல், குடுவையைப் பார்த்து "பாட்டி, பாரேன்" என்றேன். பக்கத்து மேசைக்காரி சிரித்தாள்.

டிசம்பரில் வந்துவிடுவேன். ஊசிக்குத் தவறாமல் போ.

உன் சில்வண்டு


பிப்ரவரி 22

என் சில்வண்டுக்கு,

ஓடவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன், இரண்டுக்கும் நடுவில் என்று எழுதியிருந்தாய். உன் அப்பாவைப் பற்றியா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

ஊமை டாக்டருக்கு விதி இருக்கலாம். தலையாட்டக் கூடவா விதி? அது கிடக்கட்டும். ஆனால் ஒன்று, மூச்சு கொஞ்சம் லேசாகியிருக்கிறது. மாடிப்படியில் நடுவில் நின்று, சுவரில் இருக்கிற காலண்டரைப் படிக்கிற மாதிரி பாவனை செய்வேனே, இப்போது படிக்காமலே ஏறுகிறேன்.

மாதம் ஒரு தடவை நடக்க விட்டு அளக்கிறார்கள். நீளமான வராந்தா, இந்தக் கோடியில் ஒரு ஆரஞ்சுக் கூம்பு, அந்தக் கோடியில் ஒன்று. விரலில் ஒரு கிளிப். கடிகாரத்தோடு ஒரு பெண், நல்ல பெண்தான், கூடவே வருகிறாள். முடிந்ததும் ஓர் அட்டையைக் காட்டினாள்.

"பத்துக்கு எத்தனை மூச்சு வாங்குது பாட்டி?"

"உனக்கு எத்தனை வேணும்?"

"நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ரெண்டு போட்டுக்கோ."

"சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, ரெண்டுங்கறீங்க!"

"சுவரு விழுந்துடப் போகுதேன்னு பிடிச்சேன்."

சிரித்துவிட்டு இரண்டு என்றே எழுதினாள்.

இப்போது நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல். மஞ்சளில் தொடங்கி ஆரஞ்சாகிச் சிவப்பில் நிற்கிற பொடி எனக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் வேலை செய்தது சாயப்பொடி ஆலை. சூளையைத் திறந்து தட்டுகளை வெளியே இழுப்பது என் வேலை. திறந்ததும் முகத்தில் ஒரு புகை வந்து மோதும், வாயில் செம்புக் காசை வைத்த மாதிரி இனிக்கும். துப்பினால் மஞ்சள். இருமினால் பெரிய மேஸ்திரி, "பாலைக் குடி, சரியாயிடும். இது பூவோட மகரந்தம் மாதிரி, ஒண்ணும் பண்ணாது" என்பார். பாலைக் குடித்தோம். என்னோடு சூளையில் நின்றவர்களில் இன்று நான் ஒருத்திதான் மிச்சம். பெரிய மேஸ்திரி செத்த அன்று எதிர்வீட்டிலேயே இருந்தும் நான் போகவில்லை. ஜன்னலையும் சாத்தினேன்.

ஒரு தடவை வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து எங்கள் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தப் பொடியின் பெயரைச் சொன்னார். அப்புறம் அவர் வரவில்லை, வரவிடவில்லை. பெயர் மட்டும் என் நாக்கிலேயே நின்றுவிட்டது.

உன் பொடிக்கு என்ன பெயர்?

உன் பாட்டி


மார்ச் 16

அன்புப் பாட்டி,

நீ படி ஏறுவதைக் கேட்டு ஆய்வகத்திலேயே கை தட்டினேன். அந்த நடை அளக்கிற பெண்ணை ஏமாற்றாதே, பாவம், அவளும் என்னைப் போல ஒருத்தி. உண்மையான எண்ணைச் சொல்.

இங்கே குளிர் விடவில்லை. என் வழிகாட்டி என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எல்லாம் சரி, ஆனா அவசரத்துல எழுதின மாதிரி இருக்கு" என்றார். அவசரம்தான், எனக்கு டிசம்பர் இருக்கிறதே.

உனக்கு ஒரு படம் அனுப்புகிறேன், பக்கத்து மேசைக்காரி எடுத்தது. நான் எவ்வளவு பத்திரமாக வேலை செய்கிறேன் பார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே காற்றே கிடையாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் கைகளுக்குள் என் கையை நுழைத்துத்தான் எதையும் தொட வேண்டும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. அதுதான் இந்தப் படிப்பிலேயே பெரிய கஷ்டம்!

உன் சில்வண்டு


ஏப்ரல் 7

ஆராய்ச்சிக்காரிக்கு,

படம் வந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது. நீ இளைத்திருக்கிறாய்.

வலது கை, மணிக்கட்டுக்கு மேலே, வெள்ளைக் கோட்டில் ஆரஞ்சாக ஒரு கறை இருக்கிறதே, அது என்ன? உன் அம்மாவிடம் காட்டினேன். "பேனா மையா இருக்கும்" என்றாள். அந்தக் கறையைச் சோப்புப் போட்டும், வெயிலில் போட்டும், கல்லில் அடித்தும் பார்த்தவள் நான். எனக்கா மை?

பெட்டிக்குள்ளேயே இருக்கிற சாமான் கோட்டுக்கு எப்படி வந்தது? அந்தக் கோட்டை எங்கே துவைக்கிறாய்? நான் பெயர் கேட்டேன். நீ குளிரைப் பற்றி எழுதினாய், வழிகாட்டியைப் பற்றி எழுதினாய், மூக்கு அரிப்பதைப் பற்றி எழுதினாய். சரி, நானே சொல்கிறேன். கேட்மியம். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

என் நெஞ்சைத் தின்றதை நீ ஊசியில் எடுத்து விளையாடுகிறாய். அதைப் பார்த்து "பாட்டி, பாரேன்" என்று என்னையே வேறு கூப்பிட்டாய்.

நீ அதை விடுகிறவரைக்கும் நான் ஊசிக்குப் போகப் போவதில்லை. இந்த வாரம் போகவில்லை. அவர்கள் வண்டி அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன்.

பாட்டி


ஏப்ரல் 27

அன்புப் பாட்டி,

ஆமாம், கேட்மியம். நீ சூளையில் எடுத்ததும் நான் குடுவையில் செய்வதும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். இந்த ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன். இரண்டும் உனக்கு ஒன்றுதான் என்பதும் தெரியும்.

கறையையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்து பாத்திரத்தைக் கழுவப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அங்கேயும் புகையை மேலே இழுக்கிற கண்ணாடிக் கூண்டு உண்டு. அன்று அவசரத்தில் ஒரு துளி பட்டுவிட்டது. கோட்டை இங்கேயே போட்டுவிடுவோம், அறைக்குக் கொண்டுபோவதில்லை. நீ நின்றது சூளை வாசலில், முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல். நான் செய்வது எண்ணெயில் கரைந்திருக்கிறது. தூசியாகப் பறக்காது. அதையும் இதையும் ஒன்றாக வைக்காதே.

ஆனால் நீ செய்வது என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள், அவசரத்துக்குக் கூப்பிட என் பெயரைத்தானே கொடுத்திருக்கிறாய். "உங்கள் பாட்டி வருவதில்லை, நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர்" என்று. உன் மூச்சைப் பிடுங்கி என்மேல் எறிகிறாயே பாட்டி, இது எந்த நியாயம்? நான் யாருக்காக டிசம்பர் டிசம்பர் என்று ஓடுகிறேன்?

நாலு வருஷ வேலை. ஒரு கறைக்காக விட மாட்டேன். நீ போ. தயவுசெய்து போ.

உன் சில்வண்டு


மே 14

ஆராய்ச்சிக்காரிக்கு,

படித்தேன். "தூசியாகப் பறக்காது" என்ற வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பெரிய மேஸ்திரியும் இப்படித்தான் அழகாகப் பேசுவார்.

ஊசிக்குப் போகவில்லை.

பாட்டி

உனக்கு இருமல் என்று உன் அம்மா சொன்னாள். தலையை நன்றாகத் துவட்டிக்கொண்டு வெளியே போ. இது சமாதானம் இல்லை.


ஜூலை 3

அன்புப் பாட்டி,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. முதல் இரண்டு வாரம் கோபம், அப்புறம் வேறு.

இருமல் விடவில்லை என்று டாக்டரிடம் போனேன். சளிதான், வேறொன்றும் இல்லை, இப்போது போய்விட்டது, முதலில் அதைத் தெரிந்துகொள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே, "வீட்டுல யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா?" என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன், சூளை, மஞ்சள் எச்சில், பால் எல்லாம். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார்.

"வேதியியல்" என்றேன். "அதுல என்ன?" என்றார். "விளக்குக்கு உபயோகப்படுற பொருள்" என்றேன். உன்னிடம் செய்த அதே வேலை. பத்திரம், பறக்காது, பெட்டி என்று உனக்கு எழுதியதெல்லாம் உண்மைதான். அவ்வளவு உண்மை என்றால், பெயரைச் சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை?

நேராக வழிகாட்டியிடம் போனேன். பொருளை மாற்ற வேண்டும் என்றேன்.

"இந்த நேரத்துலயா? முடிக்கிற வருஷத்துலயா?"

"சிலிக்கான்ல பண்றேன் சார்."

"நிறம் இவ்வளவு அழகா வராது. முதல்லேருந்து ஆரம்பிக்கணும். ரெண்டு வருஷம் கூட ஆகும், பரவாயில்லையா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சிலிக்கான் என்பது மணலிலிருந்து எடுப்பது. இந்தப் பயம் அதில் இல்லை. ஆனால் இரண்டு வருஷம். இடையில் வருவதற்கு விடுமுறையும் கிடைக்காது, புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அப்படித்தான்.

இரண்டு வழி இருக்கிறது. இதையே முடித்துவிட்டு டிசம்பரில் உன் முன்னால் வந்து நிற்பேன். இல்லையென்றால் அதைத் தொடங்கி, இரண்டு வருஷம் கழித்து வருவேன். உன் மூச்சு அதுவரை எனக்காக இருக்குமா என்று கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன். நீ எதைச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

உன் சில்வண்டு


ஜூலை 29

என் சில்வண்டுக்கு,

உன் கடிதத்தை உன் அம்மா உரக்கப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். மீதியை நானே படித்தேன்.

முதலில் ஒரு கூத்தைக் கேள். ஊசி ஆராய்ச்சி முடிந்துவிட்டதாம், நடுவில் ஓடிப்போனவர்களையும் கூப்பிட்டார்கள். போனேன். ஊமை டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாட்டி, உங்ககிட்ட பேசாம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, மூத்தவ உங்களை மாதிரியே வாயாடி" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இவ்வளவு பேச்சை எங்கே அடைத்து வைத்திருந்தாரோ, அந்த மனுஷன்.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்குப் போட்டது மொட்டை ஊசி பாட்டி. தோலைத் தொடும், உள்ளே போகாது. கைப்பிடிக்குள்ளேயே நழுவிக்கும்."

நான் வீராப்பாக, வண்டியைத் திருப்பி அனுப்பி, உன்னோடு சண்டை போட்டு, மாதக் கணக்காகப் போகாமல் இருந்தது மொட்டை ஊசிக்கு! வெறும் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்த கதை. சிரித்துச் சிரித்து எனக்கு இழுத்துவிட்டது, அந்த நடை அளக்கிற பெண் ஓடி வந்து முதுகைத் தடவினாள்.

"அப்ப எனக்கு லேசா இருந்துச்சே, அது பொய்யா?" என்றேன்.

"இல்ல பாட்டி, அது நிஜம். அளந்து வெச்சிருக்கோம்."

"நிஜ ஊசி போட்டா இன்னும் லேசாகுமா?"

"தெரியாது. கணக்குப் பார்த்துக்கிட்டிருக்கோம்."

தெரியாது என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்த வார்த்தைக்காகவே அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை எடுத்துவிட்டேன். இனி எனக்கு நிஜ ஊசி போடப்போகிறாராம். நேற்றே ஆரம்பித்துவிட்டார். சுருக்கென்று இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். டிசம்பரில் நீ வாசலில் வந்து பெட்டியை இறக்கினால் எனக்கு எப்படி இருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது. அது எனக்கு வேண்டாம். மணலையே எடுத்துக்கொள். ஆனால் மணல் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது, கல் உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துச் செய். நிறம் அழகாக வராவிட்டால் என்ன? அழகான நிறம் எல்லாம் நான் பார்த்தாகிவிட்டது.

என் கட்டிலைக் கீழே கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. மாடியில் வெக்கை என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். இங்கிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் தெரிகிறார்கள், பொழுது போகிறது. இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதவில்லை, அதனால் கையெழுத்து இடத்துக்கு இடம் மாறியிருக்கும். அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்காதே.

என்னிடம் பெயரை மறைத்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. யார்மேல் வைத்த கோபத்தையும் நான் ஆறப்போட்டதில்லை. உன்னைத் திட்ட வேண்டியது நெஞ்சு நிறைய இருக்கிறது, இந்த நெஞ்சில் இப்போது அதுதான் நிறைய இருக்கிறது. அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். முகத்தைப் பார்த்துத் திட்டினால்தான் எனக்குத் திருப்தி. வேலையை முடித்துவிட்டு, நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன் பாட்டி